படம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்

பிப்ரவரி 15, ஞாயிறு

புது டி.வி. சுவரில் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் இடுப்பில் கைவைத்து அதன் முன் நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே, தானே பெற்ற பிள்ளை மாதிரி. படம் பளிச்சென்றுதான் இருக்கிறது. சத்தம்தான் சகிக்கவில்லை. இத்தனை பெரிய உடம்புக்கு இத்தனூண்டு தொண்டை.

எங்கள் பழைய ஹோம் தியேட்டரை அதோடு சேர்த்துவிடலாம் என்று பார்த்தால் வழியில்லை. அதன் ஆம்ப்ளிஃபயர் முதுகில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளைகள். டி.வி.யின் முதுகில் சிவப்பும் கிடையாது, வெள்ளையும் கிடையாது. எல்லாம் தட்டைத் தட்டையாக வேறு ஏதோ.

"பழசத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிருவோமா?" என்றார்.

"பழசு என்ன பாவம் செஞ்சுச்சு? நல்லாத்தான பாடுது" என்றேன்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். குளிக்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

அந்தோணி வந்தான். எங்கள் ஸ்வரமாலை மெல்லிசைக் குழுவில் சவுண்ட் மிக்சரில் உட்காருகிறவன். குழு இவருடையது, கீபோர்டும் இவர்தான். பெண் குரல் நான். ஆரம்பித்த நாளிலிருந்து கோவில்பட்டி செண்பகவல்லி என்றால் ஸ்வரமாலை, ஸ்வரமாலை என்றால் செண்பகவல்லி. சுற்றுவட்டாரத்தில் நான் பாடாத கோவில் கொடைவிழா கிடையாது. என் டைரியில் நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்.

அந்தோணி சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொடுத்தான். ஆடியோ எக்ஸ்ட்ராக்டராம்.

"இது என்னடா செய்யும்?"

"செட்டாப் பாக்ஸ்ல இருந்து ஒரே ஒயர்ல படமும் சத்தமும் சேந்து வருதுல்லா மதினி. இது நடுவுல உக்காந்து சத்தத்த மட்டும் உருவி உங்க பழைய ஹோம் தியேட்டருக்கு விட்டுரும். படம் அதுபாட்டுக்கு டி.வி.க்குப் போயிரும்."

"ரெண்டும் பிரிஞ்சா ஒண்ணுக்கொண்ணு தெரியாமப் போயிராதா?"

அவன் சிரிக்கவில்லை. வழக்கமாக என் மொக்கைக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பவன். வீட்டில் ஏதாவது பிரச்சினையாக இருக்கும்.

பிப்ரவரி 18, புதன்

நானே மாட்டினேன். செட்டாப் பாக்ஸ் ஒயர் உள்ளே, டி.வி. ஒயர் வெளியே, சிவப்பு வெள்ளை ஒயர் ஆம்ப்ளிஃபயருக்கு, பெட்டிக்குக் கரண்ட் கொடுக்க என் பழைய போன் சார்ஜர். இவர் நாற்காலியில் உட்கார்ந்து "பாத்து, பாத்து" என்று மேற்பார்வை செய்தார்.

போட்டால் இடி இடிக்கிறது, மழை பெய்கிறது, வயலின் அழுகிறது, பேச்சு மட்டும் இல்லை. வில்லன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான்.

"டூப்ளிகேட்டக் குடுத்துட்டான் அந்தோணி" என்று இவர் எழுந்துவிட்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பெட்டியின் பக்கவாட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு சுவிட்ச். படத்தில் பேச்சு நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வருமாம். எங்களுடையதற்குப் போவது இரண்டே ஒயர், அதனால் பேச்சு நடுவழியிலேயே நின்றுவிட்டது. சுவிட்சை இரண்டு என்ற எண்ணுக்குத் தள்ளினேன். வில்லன் கத்த ஆரம்பித்தான். எனக்கு வந்த சந்தோஷத்தில் இரண்டு அடை கூடுதலாகச் சுட்டேன்.

ஒன்று மட்டும் இவர் மண்டையில் ஏறவில்லை. டி.வி. ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்தால் டி.வி. மட்டும்தான் வாயை மூடும். ஹோம் தியேட்டர் அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினார். தலையாட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்றும் பாட்டுப் பதிவு. குழுவின் வெள்ளிவிழா வருகிறதே, என் பாட்டுகளையெல்லாம் வீட்டிலேயே பதிவுசெய்து ஒரு தொகுப்பாகப் போடப் போகிறாராம். பொங்கல் முடிந்ததிலிருந்து வாரம் இரண்டு மூன்று பாடிவிடுகிறேன். லேப்டாப்பில் பின்னணி இசை ஓடும், நான் மைக்கில் பாட வேண்டும். அவர் வெளியே போனபிறகு மத்தியானம் தெரு அடங்கியிருக்கும்போது தனியாகவே எடுத்துவிடுவேன்.

இன்று சரியான ஜலதோஷம். 'ம' எல்லாம் 'ப' ஆக விழுந்தது. "நாளைக்குப் பாடட்டுமா?" என்று கேட்டேன். "இல்ல, இன்னிக்கே வேணும்" என்றார். வெள்ளிவிழா வருஷக் கடைசியில். அதற்குள் என்ன அவசரமோ.

பிப்ரவரி 26, வியாழன்

இந்த சீசனில் நமக்குக் கச்சேரியே இல்லை. "ஊருக்கு ஊரு பட்டிமன்றம் போதும்ங்காங்க செம்பா" என்கிறார். இவர் மட்டும் திருநெல்வேலிப் பக்கம் வேறொரு குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கப் போய்வருகிறார். "நானும் வரட்டுமா?" என்றேன். "ஒனக்கு முட்டி வலி. மேடை ஏறி எறங்கக் கஷ்டம்லா" என்றார். முட்டி வலி எனக்கே மறந்துபோயிருந்தது. அக்கறையுள்ள மனிதர்.

எங்கள் குழுவின் பேனரை மாற்றியிருக்கிறார்கள். என் படம் இருந்த இடத்தில் பெரிய மைக் படம். அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பழைய படத்தில் நான் ரொம்ப ஒல்லி, இப்போது பார்ப்பவர்களுக்கு அடையாளம் தெரியாது.

மார்ச் 1, ஞாயிறு

ஆம்ப்ளிஃபயரின் முகத்தில் 'ஏ' என்றும் 'பி' என்றும் இரண்டு பொத்தான்கள் உண்டு. 'ஏ' ஹால் ஸ்பீக்கர்களுக்கு. 'பி'யை இத்தனை வருஷம் யாரும் தொட்டதில்லை. பரணில் கிடந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை இறக்கித் துடைத்து, கதவு நிலைக்கு மேலாக ஒயரை இழுத்து, சமையலறைக்கு மாட்டிவிட்டேன். இனி இவர் ஹாலில் தூங்கினால் 'ஏ'யை அணைத்துவிட்டு 'பி'யில் பாட்டுக் கேட்டுக்கொண்டே குழம்பு வைக்கலாம். செய்ததைச் சொன்னேன். தலையாட்டினார்.

மார்ச் 8, ஞாயிறு

மகளிர் தினமாம். குழுவின் வாட்ஸாப்பில் இவர் வாழ்த்துப் போட்டிருக்கிறார்: 'நமது ஸ்வரமாலையின் குயில்களுக்கு.' குழுவில் பெண் நான் ஒருத்திதான். அவசரத்தில் பன்மையாக அடித்துவிட்டார் போல.

மார்ச் 13, வெள்ளி

எழுதலாமா வேண்டாமா என்று சாயங்காலம் வரை யோசித்தேன். எழுதுகிறேன்.

காலையில் 'ஏ'யை அணைத்துவிட்டுச் சமையலறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டே புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பாட்டு நின்றது. இவர் அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்து செட்டாப் பாக்ஸ் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் லேப்டாப்பைச் செருகியிருக்கிறார், பெரிய திரையில் யாருடனோ பேச. ஹால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டி.வி. சத்தத்தை ரிமோட்டில் குறைத்து வைத்திருப்பார். அவர் வரைக்கும் அதோடு விஷயம் முடிந்தது. இங்கே என் தலைக்கு மேல் ஸ்பீக்கர் கணீரென்று பேசியது.

"அண்ணாச்சி, வடக்குப்பட்டில இருந்து பேசுதோம். பங்குனிப் பொங்கலுக்கு நீங்கதான்னு முடிவு பண்ணிட்டோம்."

நம் கச்சேரி! கரைத்த புளியை அப்படியே வைத்துவிட்டேன். இவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் வருவது அந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான். கொஞ்சம் இடைவெளி, பிறகு:

"அதெல்லாம் சரி. பாடுத பொண்ணு அதே பொண்ணுதான? போன மாசம் பாடுச்சே."

நாற்பத்தெட்டு வயதில் என்னைப் பொண்ணு என்கிறாரே என்று சிரிப்பு வந்தது. போன வருஷத்தைப் போன மாசம் என்கிறார், பாவம், வயதானவர்.

இடைவெளி.

"ஆங், அந்த வீடியோவப் போடுங்க. நம்ம கமிட்டி ஆளுக எல்லாம் இங்கதான் இருக்காங்க. பாத்துக்கிடட்டும்."

பிறகு என் குரல் வந்தது. நானே சொல்லக் கூடாது, ஆனால் அப்படி வந்தது. மேல் ஸ்தாயியில் ஒரு இழுப்பு இருக்கும், அதைத் தொட்டதும் நடுவில் விசில் சத்தம், கைதட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் சரணம் வந்தது. 'ம' எல்லாம் 'ப' ஆக விழுந்தது.

ஜலதோஷத்தோடு நான் எந்த மேடையிலும் பாடியதில்லை. இந்த வீட்டில்தான் பாடினேன், போன மாதம்.

ஹால் கதவை லேசாகத் தள்ளினேன். இவர் முதுகு தெரிந்தது. அவருக்கு மேலே ஐம்பத்தைந்து அங்குலத்தில் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். பச்சைப் பாவாடை தாவணி, கையில் மைக். என் குரலுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்குகிற இடத்தில் சரியாக மூச்சு வாங்கினாள். பக்கத்தில் கீபோர்டில் இவர். பின்னால் மிக்சரில் அந்தோணி. மேலே ஸ்வரமாலை பேனர்.

சமையலறைக்குத் திரும்பிவிட்டேன். ஸ்பீக்கர் சொன்னது:

"பிரமாதம் அண்ணாச்சி. அந்தம்மாவுக்குத் தொண்டை போயிருச்சுன்னு நீங்க சொன்னதும் பயந்தோம். இது அப்படியே அந்தம்மா கொரலு மாதிரியேல்லா இருக்கு!"

ரசம் வைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மார்ச் 14, சனி

இன்று முருங்கைக்கீரை. வேறு எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

மார்ச் 16, திங்கள்

அவரிடம் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்வார், பதில் சொல்வதில் கெட்டிக்காரர். காலம் மாறிப்போச்சு, கமிட்டிக்காரர்கள் சின்னப் பெண்ணாகக் கேட்கிறார்கள், நம் குழு நிற்க வேண்டாமா, உன் குரல்தானே ஊரெல்லாம் கேட்கிறது என்பார். அதைக் கேட்டு நானே சமாதானமாகிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.

வேறொருத்தியைப் பாட வைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுது தீர்த்திருப்பேன். என் தொண்டை வேண்டும், நான் வேண்டாம் என்றால் அது என்ன கணக்கு? ஊரெல்லாம் எனக்குத் தொண்டை போய்விட்டது என்று சொல்லிவிட்டு, அந்தத் தொண்டையையே கொண்டுபோய் விற்கிறார். தெரியாமலேயே நானும் கூடச் சேர்ந்து மத்தியான மத்தியானம் பாடிக் கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் அந்தோணி வந்தான். என் முகத்தைப் பார்க்காமல், "பெட்டி நல்லா வேலை செய்யுதா மதினி?" என்றான்.

"ரொம்ப நல்லா உருவுது" என்றேன்.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 19, வியாழன்

"தொகுப்புக்கு இன்னும் ஒரு பாட்டு, நல்ல குத்துப் பாட்டா ஒண்ணு பாடிரு செம்பா. சீக்கிரம் வேணும்" என்றார். அது வடக்குப்பட்டிக்கு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

"பாடிட்டாப் போச்சு" என்றேன்.

மார்ச் 21, சனி

பாடிவிட்டேன். உயிரைக் கொடுத்துப் பாடினேன். ஏனோதானோவென்று பாடியிருக்கலாம், ஆனால் மைக் முன்னால் நின்றால் எனக்கு அப்படி வராது.

பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன் ஒரு இடைவெளி வரும். அந்த இடத்தில் பேசினேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் சொன்னதில்லை. ஏங்க என்பேன், பிறரிடம் வீட்டுக்காரர் என்பேன். ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட அவர் பெயரைப் பக்கத்தில் இருப்பவர்களைச் சொல்லச் சொல்வேன். இந்த டைரியிலும் எழுதியதில்லை. இன்று மைக்கில் சொன்னேன்: "வேல்ராஜ். இது செண்பகவல்லி குரல். எனக்குத் தெரியும்." பிறகு சரணத்தைப் பாடி முடித்தேன்.

அவர் இதைக் கேட்டதும் என்னிடம் வருவார். வந்தே ஆக வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

பென்டிரைவைக் கையில் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 25, புதன்

வரவில்லை. நானே கேட்டேன்.

"பாட்டக் கேட்டீகளா?"

"முழுசாக் கேட்டேன். அருமையா வந்துருக்கு" என்றார், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தால் இப்படி உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியுமா? கேட்காமலேயே அந்தோணியிடம் கொடுத்திருப்பார். அப்படியானால் வடக்குப்பட்டி மேடையில்தான் முதல்முறையாகக் கேட்பார். ஊரே கேட்கும். நான் அவ்வளவு தூரம் நினைக்கவில்லை. ஆனால் அப்படித்தான் நடக்கும் என்றால் நடக்கட்டும்.

ஏப்ரல் 8, புதன்

நேற்று வடக்குப்பட்டிக்குப் போனேன். இவரிடம் கயத்தாறில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். "இருந்துட்டு மெதுவா வா" என்று அவ்வளவு சந்தோஷமாக அனுப்பிவைத்தார்.

பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்பதால் ஏழுக்கே கச்சேரி தொடங்கிவிட்டது. பஞ்சுமிட்டாய்க்காரன் பக்கத்தில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றேன். "தேன்குரல் அபிநயா!" என்று அறிவித்தார்கள். பெயர் நன்றாகப் பொருந்துகிறது. வந்தாள். கும்பிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். பிடித்துக் கீழே இறக்கிவிடலாம் போல இருந்தது.

பக்கத்தில் நின்ற அம்மாள் என் தோளை இடித்தாள். "என்னமாப் பாடுது பாத்தீகளா! முந்தி ஒரு அம்மா வரும். அதுக்குக் கொரல் போயிருச்சாம்."

"அப்படியா" என்றேன். அந்த ஊரில் நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

நாலாவதாக அந்தக் குத்துப் பாட்டு. பல்லவிக்கே கூட்டம் எழுந்துவிட்டது. பல்லவி முடிகிறது. இதோ, இப்போது, என் குரலில் அவர் பெயர் வரப்போகிறது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

புல்லாங்குழல் வந்தது.

அவர்தான் வாசித்தார், கீபோர்டில். நான் பேசியிருந்த இடம் முழுவதும், ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் நறுக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் புல்லாங்குழலால் நிரப்பியிருந்தார். அந்தப் பாட்டில் அங்கே குழலே கிடையாது. என் பேச்சு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஒத்திகை பார்த்து வாசித்திருக்கிறார். முடித்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் என் சரணத்தைத் தொடங்கினாள்.

முழுசாகத்தான் கேட்டிருக்கிறார். பொய் சொல்லவில்லை. நான் அவர் பெயரைச் சொன்னதைக் கேட்டிருக்கிறார். எத்தனை தடவை கேட்டாரோ, நறுக்குவதற்குத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

கடைசிவரை நிற்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஊர் தாண்டியும் ரொம்ப தூரம் என் பாட்டு கேட்டுக்கொண்டே வந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

வேல்ராஜ் பனங்கற்கண்டு வாங்கிவந்திருக்கிறார், என் தொண்டைக்கு. நேற்றும் ஒன்றும் கேட்கவில்லை, இன்றும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும், "சித்திரைக் கொடை வருது. மூணு பாட்டு வேணும்" என்றார். தொகுப்பு என்ற பேச்சையே விட்டுவிட்டார்.

இந்தத் தடவை என்னைத் தனியாகப் பதிவுசெய்ய விடவில்லை. எதிரே நாற்காலியைப் போட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என் கண்ணைப் பார்க்காமல் விரலை ஆட்டினார். முன்னிசை தொடங்கியது.

நான் மைக் முன் நின்று வாயைத் திறந்தேன். பல்லவி முழுவதையும் பாடினேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன், கையை வீச வேண்டிய இடத்தில் வீசினேன், மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கினேன். சத்தம் மட்டும் விடவில்லை.

வேல்ராஜ் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பார்த்தார். மைக் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். குனிந்து லேப்டாப்பில் எதையோ கூட்டினார், குறைத்தார். ஒயரை மாற்றினார். பிறகு வேறு வழியில்லாமல் நிமிர்ந்து, வெகுநாளைக்குப் பிறகு, என் முகத்தைப் பார்த்தார்.

"சத்தம் வரலயே செம்பா" என்றார்.

நான் சரணத்துக்குப் போய்விட்டேன்.